இலவச மருந்தும் அரைப்பேரும்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக்குள் நுழையும் நோயாளியிடம் காசு கேட்கும் மேசை கிடையாது. சளிக்காய்ச்சலுக்கு வந்தவரானாலும் இருதய அறுவைச் சிகிச்சைக்கு வந்தவரானாலும், பெயரும் வயதும் ஊரும் கேட்டுத் துண்டு எழுதுவதோடு வாசல் வேலை முடிந்துவிடும். காப்புறுதி அட்டை, வருமானச் சான்றிதழ், முன்பணம் எதுவும் வேண்டியதில்லை. செலவு பொது வரியிலிருந்து போகிறது. சட்டப்படி இது நாடெங்கும் ஒன்றுதான். ஆனால் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களுக்கு அது வந்துசேர்ந்த வழி வேறு. கஹவத்தையைச் சுற்றியுள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்று அறுபதைக் கடந்தவர்கள் இரண்டு இலவசங்களைக் கண்டவர்கள். ஒன்று தோட்டம் கொடுத்த மருந்து, மற்றது அரசாங்கம் கொடுத்த மருந்து. இரண்டுக்கும் காசு இல்லை. முதலாவது வேலை செய்யும் உடம்புக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த வேறுபாடு தெரியாமல் தோட்டத்துச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

கஹவத்தை இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் வீதியில் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் போல மலைக்கு மலை தேயிலையாகவே தெரியும் ஊர் அல்ல. தாழ்வில் இறப்பர், மேட்டில் தேயிலை, இடையிடையே சிங்களக் கிராமங்கள், வயல்கள், மாணிக்கக் குழிகள். எந்தானை, வெள்ளந்துறை, ஓபாத, பொரோனுவ போன்ற தோட்டங்களின் எல்லைக்கு அடுத்த அடியே கிராமம். எலிக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் குளவிக்கொட்டும் இரு பக்கத்துக்கும் பொது. அவற்றைப் பார்க்கும் நிர்வாகம் மட்டும் நூறாண்டுக்கு மேல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

பிரிவினையின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த கூலிகள் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மாண்டுபோனதால், 1872-இல் தோட்டங்களுக்கான வைத்தியத் தேவைகள் சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, 1912-இல் அது புதிதாக எழுதப்பட்டது. தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமொன்றும் அதே ஆண்டு சேர்ந்தது. தோட்டங்கள் இருந்த மாவட்டங்களில் அரசாங்கம் ஆஸ்பத்திரிகளையும் மாவட்ட வைத்திய அதிகாரிகளையும் வைக்கும். செலவில் ஒரு பங்கு தோட்ட விளைச்சலின் ஏற்றுமதி மீதான வரியாக வரும். தகுதியான டிஸ்பென்சரியைத் தானே நடத்தும் தோட்டத்துக்கு அந்த வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். லயத்தைச் சுத்தமாக வைப்பதும் நோயாளியைப் பற்றி அதிகாரிக்கு அறிவிப்பதும் தோட்ட நிர்வாகியான துரையின் பொறுப்பு. அந்தக் காலத்து உலகத்தில் தொழிலாளருக்காக இப்படியொரு சட்டம் அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதன் அக்கறை உழைப்பு குறையக்கூடாது என்பதில் இருந்தது. 1916-இல் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியபோதும், துரைமார்க்கு எடுத்துச் சொல்லப்பட்ட வாதங்களில் முன்னால் நின்றது இரத்தசோகையால் குறையும் வேலையின் அளவுதான். பூச்சி மருந்து குடிக்க லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும் வழக்கம் பிற்காலம் வரை தொடர்ந்தது.

1960-களின் கடைசியிலும் 1970-களிலும் கஹவத்தைப் பக்கத் தோட்டங்களில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு டிஸ்பென்சரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது போத்தல். தண்ணி மருந்து வாங்கப் போகிறவர் போத்தலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கழுவாத போத்தலுக்கு ஏச்சு விழும். போத்தல் இல்லாதவர் பக்கத்து லய வீடான காம்பராவில் இரவல் கேட்பார். குடும்பத்துக்குள் சண்டை இருந்தாலும் மருந்துக்குப் போத்தல் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாராயப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், கோடா போத்தல் எல்லாமே கடைசியில் மருந்துப் போத்தலாகித்தான் ஆயுளை முடித்தன. மருந்து கட்டுபவர் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல்லுப் பல்லாக வெட்டிய தாள் துண்டொன்றைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவார். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் அளவு அது. இருமலுக்கு ஒரு நிறம், வயிற்றுவலிக்கு ஒரு நிறம், புண்ணுக்கு ஊதா. மருந்தின் பெயர் யாருக்கும் தெரியாது, நிறம்தான் பெயர்.

மருந்து கொடுப்பவர் பட்டம் பெற்ற டொக்டர் அல்ல. பயிற்சி பெற்ற தோட்ட வைத்திய உதவியாளர். லயத்தாருக்கு அவர் டாக்டரய்யா. அவர்களில் கைராசிக்காரர்கள் இருந்தார்கள். நள்ளிரவில் லாந்தரோடு மேட்டு லயத்துக்கு ஏறி வந்து பிரசவம் பார்க்கத் துணை நின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் கையால் பிறந்து, அவர்கள் கையால் அம்மைப்பால் குத்திக்கொண்டு, அவர்கள் கொடுத்த துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல ஆயிரம். குறை ஆளில் இல்லை, அவர் நின்ற இடத்தில் இருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். இன்னார் இன்று வேலைக்கு முடியாதவர் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கே. மாசத்தில் சீக்குப் பெயர் கூடினால் துரை கணக்குக் கேட்பது அவரிடம்தான். எனவே காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கும்போது அது காய்ச்சலா வேலைக்கள்ளமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவராக அவர் இருந்தார்.

அடுத்தது பேர், அதாவது நாள் வேலைப் பதிவு. விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் பேர் கொடுத்து மலைக்கு ஏறினால்தான் அன்றைய சம்பளம். முதலில் டிஸ்பென்சரிக்குப் போய்விட்டுப் பிந்தி ஏறினால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ஏறாவிட்டால் அதுவும் இல்லை. டிஸ்பென்சரி திறக்கும் நேரமும் மலையில் கொழுந்து எடுக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. இதற்குத் தோட்டத்துப் பெண்கள் கண்ட வழி, பிள்ளையை அனுப்புவது. தாய்க்குக் காய்ச்சல் என்றால் தாய் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை போத்தலோடு டிஸ்பென்சரிக்குப் போகும். "அம்மாவுக்கு என்னடா?" என்று டாக்டரய்யா கேட்பார். "மேலுக்கு முடியலங்க" என்று பிள்ளை சொல்லும். நோயாளியைப் பார்க்காமலே மருந்து போத்தலில் விழும். இலவச மருந்துக்கு அரைப்பேர் விலை என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. ஆனால் அதைக் கட்டாத குடும்பம் இல்லை.

தோட்டத்துக்கு வெளியே அரசாங்கத்தின் இலவசம் வேறு காரணங்களால் வளர்ந்தது. 1931-இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவராத சட்டசபை உறுப்பினருக்கு அடுத்த தேர்தல் கஷ்டமாயிற்று. 1934-இல் மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. நுளம்பு பெருகி, அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் மலேரியா பரவியதில் சுமார் 80,000 பேர் இறந்தனர். மோசமாக அடிபட்டது சப்ரகமுவவின் கேகாலைப் பகுதி. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவும் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் கொயினாவும் அரிசியும் பருப்பும் சுமந்து கேகாலைக் கிராமங்களில் நடந்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது; 1936-இல் பெரேரா ருவன்வெல்லையில் வென்று அக்காலச் சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனார். கிராமத்து மனிதர் நோயில் சாவது அரசியல் குற்றம் என்ற எண்ணம் சப்ரகமுவவில் வேர்விட்டது அந்த ஆண்டுகளில்தான். அதன்பின் ஆஸ்பத்திரிகளும் கிராம டிஸ்பென்சரிகளும் வேகமாகப் பெருகின.

வசதியுள்ள நோயாளியிடம் வாங்கப்பட்டுவந்த கட்டணங்கள் 1951-இல் நீக்கப்பட்டன. அந்த வருடத்தை உலகக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1948 ஜூலை 5-இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்த அனியூரின் பெவன், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு வாங்கும் முடிவை எதிர்த்து அமைச்சிலிருந்து விலகியது 1951 ஏப்ரலில். ஆண்டவர்கள் கட்டணத்தை உள்ளே கொண்டுவந்த அதே ஆண்டில், மூன்று வருடம் முன்புதான் சுதந்திரம் பெற்ற தீவு கட்டணத்தை வெளியே தள்ளியது.

அதே மூன்று வருடத்துக்குள் தோட்டத்து மக்களுக்கு நடந்ததும் இதே பக்கத்தில் எழுதப்படவேண்டும். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949-இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் வந்தன. பெரும்பாலானோர் நாடற்றவராயினர், 1949-இல் வாக்கும் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கப்படவில்லை என்பதை மறைக்கக்கூடாது. வாக்கில்லாத மனிதரும் இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கலாம். ஊசியும் மருந்தும் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் இலவச வைத்தியத்தை ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்த கயிறு வாக்கு. அது இல்லாத இடத்துக்கு ஆஸ்பத்திரி நகர்ந்து வரவில்லை. அரசாங்கத்தின் குடும்ப சுகாதார மருத்துவிச்சி கிராமத்து வீடு வீடாகப் போவார். தோட்டத்து எல்லைக் கல்லோடு அவருடைய பகுதி முடிந்துவிடும். அப்பால் இருப்பது கம்பெனியின் பொறுப்பு என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. கம்பெனியோ சட்டம் கேட்ட அளவோடு நின்றது.

1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் முறை வந்தது. கொண்டுவந்த நிதியமைச்சர், கேகாலையில் மருந்து சுமந்து நடந்த அதே என். எம். பெரேரா. அந்நியச் செலாவணி நெருக்கடி, அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த இளைஞர் கிளர்ச்சிக்குப் பிந்திய வெறுங்கஜானா என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. 25 சதம் பெரிய தொகை இல்லை என்றுதான் கொழும்பில் நினைத்திருப்பார்கள். வெளிநோயாளர் வரவு சட்டென்று குறைந்தது. கஹவத்தையில் சந்தைக்கு இறங்கிய தோட்டத்தார் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய்வருவது வழக்கம். சதத்தை எண்ணும் குடும்பத்துக்கு அந்தச் சிறு காசும் ஒரு தடையாயிற்று. 1977-இல் ஆட்சி மாறியபின் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. அதே 1977 வேறொரு கதவையும் திறந்தது: அரசாங்க டொக்டர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளி பார்க்கலாம் என்ற அனுமதி. காசு கொடுத்து டொக்டரைப் பார்க்கும் இன்றைய செனல் நிலையங்களின் தொடக்கம் அங்கேதான்.

25 சதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் 1971 கொடுத்த கொடை பெரிது. பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் எழுதிய அறிக்கையின்படி அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அந்த ஆண்டு அமைக்கப்பட்டது. ஒரே மருந்துக்குப் பத்துக் கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பெயரில் உலகச் சந்தையில் ஏலம் கேட்டு மொத்தமாக வாங்கலாம் என்பது பிபிலேயின் வாதம். இறக்குமதியான மருந்துப் பட்டியல் பெருமளவு சுருங்கியது, விலையும் இறங்கியது. ஏழை நாடொன்று மருந்தை இலவசமாகக் கொடுக்க முடிந்ததற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல, இந்தக் கொள்வனவுச் சிக்கனமும் காரணம். பெரிய மருந்துக் கம்பெனிகளின் எதிர்ப்புக்கு நடுவே இதைச் செய்த பிபிலே 1977-இல் கயானாவில் காலமானார். கூட்டுத்தாபனத்தின் பட்டணத்து ஒசுசல மருந்துக்கடையில் நிற்பவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

1972-இன் காணிச் சீர்திருத்தமும் 1975-இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. டிஸ்பென்சரியும் அரசாங்கத்துடையது, ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துடையது என்று ஆனபின் இரண்டும் ஒன்றாகும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவில்லை. தோட்டம் ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களின் கீழும், ஆஸ்பத்திரி சுகாதாரத் திணைக்களத்தின் கீழும் தனித்தனியாகவே ஓடின. மேலும், அந்த மாற்றம் பஞ்சத்தின் நடுவில் நடந்தது. 1973, 1974-இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. மரவள்ளிக் கிழங்கு தின்று வயிறு ஊதிய பிள்ளைகளுக்கு டிஸ்பென்சரியில் தண்ணி மருந்து கொடுத்தார்கள். அந்த நோய்க்கு மருந்து போத்தலில் இல்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

டிஸ்பென்சரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இடையில் இருந்தது பாதை. தோட்டத்து ரோடு கொழுந்தைத் தேயிலை ஆலையான ஸ்டோருக்குக் கொண்டுபோகப் போட்டது. எனவே நோயாளியும் கொழுந்து லொறியில் போனார். பிரசவ வலி வந்த பெண்ணைச் சாக்குக் கட்டிலிலோ கம்பளியில் தொட்டில் கட்டியோ லயத்திலிருந்து ரோட்டுக்கு இறக்குவார்கள். லொறி வேண்டுமென்றால் துரை கையெழுத்து வேண்டும். துரை பங்களாவில் இல்லையென்றால் பெரிய கிளாக்கர். அவரும் இல்லையென்றால் காத்திருப்பு. டிரைவர் நல்லவராக இருந்தால் கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிடுவார். அப்படி எடுத்ததற்காக விசாரணைக்கு நின்ற டிரைவர்களைப் பற்றிய கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. குளவி கொட்டிய நாட்களில் ஒரே லொறியில் ஏழெட்டுப் பேர், முகம் வீங்கிக் கண் மூடியபடி, கொழுந்துச் சாக்கு மேல் சாய்ந்திருப்பார்கள். அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஓடிய சிறிய ரயில் 1976-இல் நிறுத்தப்பட்டதும், மலிவான பயணம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பஸ் இருந்தது, அது தோட்டத்துக்குள் வராது.

ஒரு சேவைக்கு மட்டும் வாகனம் லயத்தின் வாசலுக்கே வந்தது. 1980-இல் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. பின்னர் தொகை கூட்டப்பட்டது. தோட்டங்களில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு வாகனம் கிடைத்தது, லீவு கிடைத்தது, கையில் காசும் கிடைத்தது. பிள்ளைப்பேறு போதும் என்று தானாக விரும்பிப் போன பெண்கள் நிறைய. ஆனால் காய்ச்சலுக்கு லொறி கேட்டால் கையெழுத்துக்குக் காத்திரு என்ற இடத்தில் இதற்கு மட்டும் இத்தனை வேகம் ஏன் என்ற கேள்வி லயத்தில் அப்போதே எழுந்தது. விளக்கிச் சொல்ல வேண்டிய தாள் தமிழில் இருந்ததா, இருந்தாலும் வாசித்துக் காட்டப்பட்டதா என்பதைப் பொறுத்து அந்தப் பெண்களின் நினைவு கசப்பாகவோ சாதாரணமாகவோ இருக்கிறது.

1977-இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் இன வன்முறையில் எரிந்தன. லயத்தை விட்டு ஓடி இறப்பர் காட்டில் இரவைக் கழித்த குடும்பங்களுக்கு, காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதே அச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரி பட்டணத்தில் இருந்தது, பட்டணத்தில்தான் கூட்டம் நின்றது. கட்டிலில் சேர்ந்தவர்களைத் தாதிமார் இனம் பார்க்காமல் கவனித்ததைச் சொல்பவர்களும் உண்டு. அதன்பின், நாடற்றவரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதாகச் சொன்ன சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் பேர் கொடுத்தவர்கள் அவசரப்பட்டுக் கிளம்பினார்கள். கஹவத்தையில் அண்ணன், கோத்தகிரியிலோ கூடலூரிலோ தம்பி என்று பிரிந்த குடும்பங்கள் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் குடியேறியவர்களுக்கு அங்கேயும் அரசு மருத்துவமனை இலவசமாகவே கிடைத்தது. 2021-இல் அங்கே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன என்பதைத் தொலைபேசியில் கேட்கும் கஹவத்தை அண்ணன்மார், கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்.

1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. கஹவத்தையின் பெயரிலேயே ஒரு கம்பெனி உண்டு. சுகாதாரமும் வீடமைப்பும் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவும் அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த நிதியமொன்றின் கவனிப்பில் வந்தன. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். 1990-களில் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. டிஸ்பென்சரிகள் பெரும்பாலும் கம்பெனியிடமே தங்கின. ஓய்வுபெறும் வைத்திய உதவியாளரின் இடத்துக்குப் புதியவர் வராமல், வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும் டிஸ்பென்சரிகள் கூடின. பூட்டியே கிடப்பவையும் உண்டு. இந்தக் கட்டத்தில்தான் பழைய இலவசத்தின் உண்மை முகம் தெரிந்தது. லயத்தில் குடியிருப்போரில் தோட்டத்தில் பேர் போடாதவர் தொகை வருடத்துக்கு வருடம் ஏறியது. கொழும்புக் கடையில் வேலை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை, கிராமத்துச் சிறுதோட்டத்தில் நாட்கூலி. வேலையைவிட்ட கிழவருக்கும், தோட்டத்தில் வேலை செய்யாத மருமகளுக்கும் தோட்டத்து மருந்தில் பங்கு உண்டா என்பதற்குத் தோட்டத்துக்குத் தோட்டம் பதில் மாறியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியே இல்லை.

தாய்–சேய்க் கவனிப்பில் நடந்த மாற்றம்தான் மிகப் பெரியது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தது. பிள்ளைக்காம்பராவில் தடுப்பூசிக் கிளினிக், கர்ப்பிணிப் பதிவு, நிறை பார்த்தல் என்று அரசாங்க மருத்துவிச்சியின் வட்டத்துக்குள் லயமும் சேர்ந்தது. தோட்டத்துப் பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியது. காம்பராவில் பிள்ளை பிறந்த கதையை இப்போது பாட்டிமார்தான் சொல்கிறார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே 2016-இன் குடிசன, சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடளவில் நூற்றுக்கு 17 பேர், தோட்டத்துறையில் 32 பேர். தடுப்பூசி எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டது, சோறு தாண்டவில்லை. 2019-இன் கணக்கில் தோட்டத்துறையின் வறுமை வீதம் 33.8, நாட்டினுடையது 14.3.

ஆஸ்பத்திரிக்குள் போனபின் நிலவரம் எப்படி என்றால், கஹவத்தை ஆதார வைத்தியசாலையையும் இரத்தினபுரி போதனா வைத்தியசாலையையும் பற்றித் தோட்டத்தார் சொல்வதில் நன்றி முந்தும், களைப்பு பிந்தும். விடியமுன் போய் நம்பர் எடுக்க வேண்டும். கிளினிக் வாங்கில் உட்கார்ந்தே பாதி நாள் போகும். டொக்டர் பார்ப்பது சில நிமிடம். வாட்டில் கட்டில் நிறைந்தால் பாயோடு தரை. மொழியைப் பொறுத்தவரை சப்ரகமுவத் தமிழர் நுவரெலியாவாரைப் போல இல்லை, பெரும்பாலானோர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், "மொகத அமாரு?" என்று கேட்டால் சிங்களத்திலேயே நோயைச் சொல்வார்கள். வயதான பெண்கள்தான் தடுமாறுவது. எழுதியதை வாசிப்பது வேறு சங்கதி: மாத்திரைக் கடதாசி உறையில் சிங்களத்தில் எழுதிய வேளைக் கணக்கைப் படிக்க, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பேரப்பிள்ளையாலும் முடியாது. உறையை எடுத்துக்கொண்டு கடை முதலாளியிடமோ பக்கத்துக் கிராமத்து நண்பரிடமோ கேட்டு வருவது வழக்கமாயிற்று.

இலவசத்தின் வெளிவிளிம்பில் செலவு இருக்கிறது. ஸ்கேன் இயந்திரம் பழுது, வெளியில் எடுத்து வாருங்கள். இந்த இரத்தப் பரிசோதனை இங்கே இல்லை, துண்டைக் கொண்டு வெளி லேப்புக்குப் போங்கள். இந்த மாத்திரை முடிந்துவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியளவு தனியார் செலவு; அதில் பெரும்பகுதி மக்கள் கையிலிருந்து நேராகப் போவது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபின் இந்த விளிம்பு உள்ளே நகர்ந்தது. சேலைனும் ஊசியும் தட்டுப்பட்டன, சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. மாசத்துக்கு முழு மாத்திரை கிடைத்த கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்து மிச்சத்தை வாங்கச் சொன்னார்கள். பலர் வாங்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினார்கள். கட்டணம் என்று ஒரு சதமும் அறவிடப்படாத ஆண்டில் மருந்து எட்டாமல் போனது.

பாதையின் துயரத்தைக் குறைத்தது 1990 என்ற இலக்கம். இந்திய நன்கொடையோடு 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2019-க்குள் ஒன்பது மாகாணத்துக்கும் பரவிய சுவசெரிய அம்பியூலன்ஸ், அழைத்தால் வரும், காசு கேட்காது, துரையின் கையெழுத்தும் கேட்காது. கொழுந்து லொறிக்குக் காத்திருந்த தலைமுறை இதை நம்பவே கொஞ்ச காலம் எடுத்தது. லயத்தின் இடுக்குப் பாதைக்கு வண்டி ஏறாத இடங்களில் இன்னமும் பிரதான ரோட்டு வரை தூக்கித்தான் இறக்குகிறார்கள்.

பேர் மட்டும் மாறவில்லை. 2016-இன் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று சொல்லப்பட்டபோது, அதில் 60 ரூபா வருகைக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வந்தால்தான் கிடைக்கும். கிளினிக்குக்குப் போன நாள் வராத நாள். மாதத்தில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால், வேலை செய்த நாட்களுக்கும் சேர்த்து அந்த 60 ரூபா போய்விடும். 2019 ஒப்பந்தத்தில் வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. 2021-இல் சம்பளச் சபை மூலம் நாளுக்கு 1,000 ரூபா வந்தது. ஆனாலும் கிலோக் கணக்கு இருக்கிறது: குறித்த கொழுந்து இல்லையென்றால் பல தோட்டங்களில் அரைப்பேர். கிளினிக் நாள் வேலை நாளிலேயே விழுகிறது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெண்களில் பலர் தங்கள் கொப்பியை மகள் கையிலோ பேத்தி கையிலோ கொடுத்தனுப்பி மருந்தை எடுக்கப் பார்க்கிறார்கள். சில கிளினிக்கில் கொடுப்பார்கள். சிலவற்றில் ஆள் வரவேண்டும் என்று திருப்பி அனுப்புவார்கள்.